நாலு விரல் தள்ளிச் சுட்ட துப்பாக்கி

எண்பத்தெட்டோ எண்பத்தொன்பதோ, வருஷம் சரியாக நினைவில்லை. மாதம் பங்குனி, அது நன்றாக நினைவிருக்கிறது. அருப்புக்கோட்டையில் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு நாள் குறித்துச் சாட்டி, ரோட்டோரமெல்லாம் கடை போட மூங்கில் ஊன்றிக்கொண்டிருந்தார்கள். நான் அப்போது திருச்சுழி ரோட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தேன். முதலாளி ஒருவர், வேலைக்காரன் நான் ஒருவன். பம்புசெட் ஷாஃப்ட், தறிச் சாமான், வண்டி அச்சு, எது வந்தாலும் கடைந்து கொடுப்போம். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் பிள்ளைகளே. நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். இத்தனை வருஷம் கழித்தும் இதை நினைத்தால் எனக்குக் காது சூடாகிவிடுகிறது.

பொங்கலுக்கு ஐந்தாறு நாள் இருக்கும்போது ஒருவர் பட்டறைக்கு வந்தார். முப்பது வயதிருக்கும். பழைய சேலைத் துணியில் சுற்றிய ஏர் கன் ஒன்றைப் பிள்ளையைத் தூக்கி வருவது போல் கொண்டு வந்தார்.

“அண்ணாச்சி, இந்தக் குழாயைக் கொஞ்சம் பாருங்க. ஒரு குண்டு மேக்க போகுது, ஒரு குண்டு கெழக்க போகுது.”

“எதுக்கு இது? கவுதாரி சுடவா?” என்றேன்.

“அட, நீங்க வேற. பலூன் சுடுறது. பொங்கலுக்குக் கோயில் பொட்டல்ல கடை போடப் போறேன்.”

முதலாளி உள்ளேயிருந்து சிரித்தார். “ஏலே, பலூன் சுடுறதுக்கு எதுக்குத் துப்பாக்கி நேராச் சுடணும்? கோணச் சுட்டாத்தான ஒனக்கு நல்லது?”

“அப்படிச் சொல்லாதீக மொதலாளி. நான் சுட்டுக் காட்டுனா பலூன் உடையணும்ல? அப்பத்தான கூட்டம் நம்பும்?”

இந்தப் பதிலை நானும் கேட்டேன். கேட்டும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. நாணயமான ஆளாக இருக்கிறாரே என்றுதான் நினைத்தேன்.

எனக்கு அந்த வேலையில் ஒரு ஆசை பிடித்துக்கொண்டது. தினமும் ஷாஃப்ட்டையே கடைந்துகொண்டிருந்தவன் கையில் துப்பாக்கி கிடைத்தால் சும்மா இருப்பானா? அது நடுவில் மடக்கித் திறக்கிற வகை. குழலைப் பிடித்துக் கீழே மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் இறுகும். குழலின் பின்வாயில் ஒரு சின்ன ஈயக் குண்டை வைத்து மூடிவிட்டுச் சுட வேண்டும். அந்த மடக்குகிற இடத்து ஆணி தேய்ந்து போய்க் குழல் ஆடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவை மூடும்போதும் குழல் வேறு வேறு இடத்தில் போய் நின்றால் குண்டு எப்படி ஒரே இடத்துக்குப் போகும்? புது ஆணி ஒன்று கடைந்து, பக்கத்துக்கு ஒரு மெல்லிய வாஷர் வைத்து இறுக்கினேன். ஆட்டம் நின்றது.

அடுத்து, குழலை லேத்தில் மாட்டி மெதுவாகச் சுற்றவிட்டேன். நுனி வட்டம் போட்டது. அப்படியென்றால் குழலில் வளைவு இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு பக்கமும் மரக்கட்டை கொடுத்து வைஸ் இடுக்கியில் வைத்து, மயிரிழை மயிரிழையாக அழுத்தி, திரும்பவும் லேத்தில் மாட்டிப் பார்த்து, அதற்கே அரை நாள் போயிற்று. கூட அழுத்திவிட்டால் மறு பக்கம் வளைந்துவிடும். உள்ளே மண்ணெண்ணெய் நனைத்த துணியை இழுத்தேன். எத்தனையோ திருவிழாவின் ஈயக் கசடு, கண் மை மாதிரி கறுப்பாக வந்தது.

கடைசி வேலைதான் முக்கியமானது. குழலின் நுனிவாயில் ஒரு பக்கம் மட்டும் சின்னப் பிசிறு இருந்தது. எங்கேயோ கீழே விழுந்து அடிபட்டிருக்கிறது. குண்டு வெளியே போகும்போது கடைசியாகத் தொட்டுவிட்டுப் போவது அந்த விளிம்பைத்தான். அங்கே ஒரு பக்கம் கோணலாக இருந்தால், பின்னால் வருகிற காற்று அந்தப் பக்கமாகப் பீறிட்டுக் குண்டைத் தள்ளிவிடும். உருண்டைத் தலை உள்ள ஒரு பித்தளைத் திருகாணியில் வால்வு தேய்க்கிற பேஸ்ட்டைத் தடவி, அந்த வாயில் வைத்துத் துளை போடுகிற கைத்துரப்பணத்தால் சுற்றிச் சுற்றித் தேய்த்தேன். விளிம்பு மோதிரம் மாதிரி மின்ன ஆரம்பித்தது. பின்பக்கம் இருக்கிற குறித் தகட்டையும் முன்பக்கம் இருக்கிற குறி முள்ளையும் ஒரே நேருக்கு வைத்துத் திருகாணியை முடுக்கினேன்.

பட்டறைக்குப் பின்னால் பதினெட்டு அடி அளந்து, கழிவுப் பஞ்சு அடைத்த சாக்கில் ஒரு காகிதத்தை ஒட்டினேன். துப்பாக்கியை அசையாமல் வைஸில் பிடிக்க வைத்து ஐந்து குண்டு சுட்டேன். ஐந்து ஓட்டையும் ஒரு எட்டணாக் காசுக்குள் அடங்கிவிட்டது. பலூன்காரர் அந்தக் காகிதத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். “எம்மாடி! ஒரே எடத்துல போகுதே அண்ணாச்சி!” என்றார். அவருக்கு வந்த சந்தோஷத்தில் நானும் பூரித்துப் போனேன்.

அன்று வீட்டுக்குப் போய் என் மகளிடம் பெருமையடித்தேன். அவளுக்கு ஒன்பது வயது. அவள் மறுநாளே அதை வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

நாங்கள் சர்ச்சுக்குப் போகிற குடும்பம்தான். ஆனாலும் பங்குனிப் பொங்கலுக்குப் பொட்டலுக்குப் போகாத குடும்பம் அருப்புக்கோட்டையில் ஏது? பொழுது இறங்குவதற்கு முன்பே நான், என் மனைவி, மகள் மூன்று பேரும் போனோம். ராட்டினம், வளையல் கடை, சேவு மிக்சர் கடை எல்லாவற்றையும் விட்டுவிட்டு மகள் நேராகப் பலூன் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். நீளப் பலகையில் சாண் சாண் இடைவெளி விட்டுச் சின்னச் சின்னப் பலூன்கள் கட்டியிருந்தன. ஐந்து குண்டில் ஐந்து பலூன் உடைத்தால் ஒரு எவர்சில்வர் டிபன் டப்பா. பலூன்காரரின் மனைவி கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருந்தார்.

மகள் முன்னால் நின்றவர்களைப் பார்த்து, “இது எங்க அப்பா சரிபார்த்த துப்பாக்கி” என்று சொல்லிவிட்டு வாங்கினாள். நான் பின்னால் நின்று பிடித்துக்கொண்டேன். குறியை நானே பார்த்துச் சொன்னேன். சுட்டாள். படவில்லை. இரண்டாவது, மூன்றாவது, ஐந்தும் போயிற்று. நான் வாங்கிச் சுட்டேன். எனக்கும் படவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர், “பட்டறைக்காரரே, துப்பாக்கியைச் சரிபாத்தீகளா, இல்ல சாணை புடிச்சீகளா?” என்றார். கூட்டம் சிரித்தது. என் மகள் சிரிக்கவில்லை. என் கையைத்தான் பார்த்தாள்.

அப்போது பலூன்காரர் துப்பாக்கியை வாங்கி, “இப்படிப் புடிச்சுச் சுடணும் பாப்பா” என்று ஒரே குண்டில் ஒரு பலூனை உடைத்தார். கூட்டம் ‘ஓ’ என்றது. ஆள்கள் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பருத்திக் கமிஷன் கடைக்காரர் இருந்தார். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் விளைகிற பருத்தியில் பாதிக்கு மேல் அவர் தராசில்தான் ஏறி இறங்கும். வெள்ளை வேட்டி, கூட நாலைந்து பேர். அவரும் சுட்டார். பத்துக் குண்டு சுட்டும் ஒன்றும் படவில்லை. கூட வந்தவர்கள் முன்னால் அவமானமாகப் போய்விட்டது.

“ஏன்டா, ஒனக்கு மட்டும் உடையுது, எங்களுக்கு உடைய மாட்டேங்கு? துப்பாக்கியில என்னடா செஞ்சு வச்சிருக்க?” என்று பலூன்காரரின் சட்டையைப் பிடித்தார்.

பலூன்காரர் பயந்துபோனார். கண் நாலா பக்கமும் அலைந்து என் மேல் வந்து நின்றது. “எனக்கு ஒண்ணும் தெரியாது சாமி. இந்தா நிக்காகளே பட்டறை அண்ணாச்சி, இவுகதான் குறி பாத்துக் குடுத்தாக. கேட்டுப் பாருங்க.”

அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது. “ஓகோ, ஆளு வச்சுத்தான் செஞ்சிருக்கியா” என்றது ஒரு குரல். என் மனைவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பிள்ளைகளே, எனக்கு வேறு சொத்து கிடையாது. இவன் கை பட்டால் வேலை நேராக இருக்கும் என்கிற பெயர் ஒன்றுதான். அதை ஒருவர் பொய் சொல்லி என் மகள் கண் முன்னாலேயே அழிக்கிறார். வந்த ஆத்திரத்தில் துப்பாக்கியைப் பிடுங்கினேன்.

மடக்கு ஆணியை ஆட்டிப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. பலகையைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். அங்கேதான் எனக்கு எல்லாம் விளங்கியது. ஒவ்வொரு பலூனுக்கும் வலது பக்கம், சரியாக நாலு விரல் தள்ளி, பலகையில் குண்டு துளைத்த பள்ளங்கள் குவியல் குவியலாக இருந்தன. சிதறவே இல்லை. ஒரே பக்கம், ஒரே தூரம். குறித் தகட்டைப் பார்த்தேன். நான் முடுக்கிய இடத்திலிருந்து ஒரு நெல்லளவு வலது பக்கம் தள்ளியிருந்தது.

முன்பு குண்டு இஷ்டத்துக்குப் போனது. யாராவது ஒரு ஆள் சுடும்போது தவறிப்போய்ப் பலூனில் பட்டுவிடும். பலூன்காரர் சுட்டுக் காட்டினாலும் படாமல் போகும். நான் சரிபார்த்த பிறகு அது ஒரே இடத்துக்குப் போகிறது. அந்த ஒரே இடத்தைத்தான் அவர் நாலு விரல் தள்ளி வைத்துவிட்டார். பலூனுக்கு இடது பக்கம் நாலு விரல் தள்ளிக் குறி பார்த்தால் உடையும் என்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும். நான் அரை நாள் உட்கார்ந்து வளைவெடுத்தது சின்னப் பிள்ளைகளை ஏமாற்றத்தான் உதவியிருக்கிறது.

சட்டைப் பையிலிருந்த ஒரு காசை எடுத்துத் திருகாணியைத் தளர்த்தி, தகட்டைப் பழைய இடத்துக்குத் தள்ளி முடுக்கினேன். மூன்று குண்டு சுட்டேன். மூன்று பலூன் உடைந்தது. துப்பாக்கியைக் கமிஷன் கடைக்காரரிடம் நீட்டினேன். அவர் சுட்டதும் உடைந்தது. பலகையில் இருந்த பள்ளங்களைக் காட்டி நடந்ததைச் சத்தமாகச் சொன்னேன். கூட்டம் கை தட்டியது. என் மகள் முகத்தில் உயிர் வந்தது.

அதோடு நான் நினைத்தபடி முடிந்திருந்தால் இதை எழுதவே வேண்டியதில்லை.

கமிஷன் கடைக்காரர் பலகையை எட்டி ஒரு உதை விட்டார். அவ்வளவுதான், எல்லாருக்கும் கால் வந்துவிட்டது. பலகை இரண்டாக உடைந்தது. டிபன் டப்பாவும் சோப்பு டப்பாவும் யார் யார் கையிலோ போயின. பலூன்காரரை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, ஒருவர் அறைந்தார். அவர் மனைவி ஊதிய பலூன்களைச் சேலைத் தலைப்பில் வாரிக் கட்டிக்கொண்டு, “விட்டுருங்க சாமி, விட்டுருங்க” என்று ஒவ்வொருத்தர் காலாகத் தொட்டார். ஒருவர் துப்பாக்கியைக் குழலைப் பிடித்துத் தூக்கிக் கல்லில் அடித்தார். என் கண் முன்னால் குழல் வளைந்தது. “போதும், விடுங்கண்ணே” என்று நான் ஒரு தடவை சொன்னேன். ஒரே ஒரு தடவை. யாரும் கேட்கவில்லை. நானும் மறுபடி சொல்லவில்லை.

“பச்சப் புள்ளைகளை ஏமாத்துறியேடா! ஏழைபாழைக வயித்துல அடிக்கிறியேடா!” என்று கமிஷன் கடைக்காரர் கத்தினார். பிறகு என் தோளில் கை போட்டார். கூட்டத்தைப் பார்த்து, “இவன்தாம்ப்பா கைச்சுத்தமான ஆளு” என்றார்.

அந்தக் கை என் தோளில் கனத்தது. ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

அந்தத் தை மாதம், பருத்தி எடுப்பு தொடங்கும் முன்பு, இதே மனிதர் ஆறு எடைக்கற்களைப் பட்டறைக்குக் கொண்டு வந்தார். எல்லாம் இருபது கிலோ இரும்புக் கல். எடைக்கல்லுக்கு அடியில் சின்னக் குழி ஒன்று இருக்கும். அதில் ஈயம் ஊற்றி அரசாங்க முத்திரை குத்தியிருப்பார்கள். “கல்லு தேஞ்சுபோச்சு. குழியைப் பெருசாக்கி ஈயத்தை ஊத்திக் குடு” என்றார். முதலாளி தலையாட்டினார். நான் துரப்பணத்தை ஓட்டினேன். என் கை முஷ்டி போகிற அளவுக்கு ஒவ்வொரு கல்லிலும் குடைந்து ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினேன். இரும்பைவிட ஈயம் கனம் என்பது எனக்குத் தெரியாதா? தேய்ந்த கல்லுக்கு அத்தனை ஈயம் எதற்கு என்று கேட்டேனா? கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரோ என்று பயந்தே கேட்கவில்லை. பருத்தியை வாங்குகிறவர் கல் கூடுதலாக இருந்தால், விற்கிற விவசாயச் சம்சாரி ஒவ்வொரு நிறுவைக்கும் கூடுதலாகப் பருத்தியை அள்ளி வைக்க வேண்டும். அந்தக் கல்லும் சிதறாது. ஒரே பக்கம்தான் தள்ளும், ஒவ்வொரு நிறுவைக்கும்.

அந்த மனிதர்தான் பலூன் பலகையை முதலில் உதைத்தவர். அன்றைக்கு எல்லாரும் பலூன்காரரை அவன் இவன் என்றார்கள். கடைக்காரரை அவுக இவுக என்றார்கள். நான் இரண்டு பேருக்கும் ஒரே மரியாதைதான் கொடுத்து எழுதுகிறேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது மகள் என் விரலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். “அப்பா, பொய்யா வேலை செஞ்சு குடுக்கச் சொல்லி யாராச்சும் கேட்டா நீங்க செய்ய மாட்டீங்கள்ல?”

“மாட்டேன்” என்றேன்.

விடிந்ததும் பொட்டலுக்குப் போனேன். அந்தக் குழலை மட்டுமாவது நேராக்கிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அவர்கள் முதல் பஸ்ஸுக்கே போய்விட்டார்களாம். உடைந்த பலகை மட்டும் கிடந்தது.

அடுத்த வாரம் என் மச்சினன் எம்.ரெட்டியபட்டியிலிருந்து பட்டறைக்கு வந்து, “மச்சான், நாளைக்கு நம்ம களத்துல பருத்தி நிறுக்காக. வந்து ஒத்தாசைக்கு நில்லுங்க” என்றான். யார் நிறுக்கிறார்கள் என்று கேட்டேன். அதே கடைக்காரர்தான். எனக்கு வந்த கோபம் அவர் மேல் பாதி என்றால் என் மேல் பாதி. பலூன் கடை முன்னால் அவ்வளவு சத்தமாகப் பேசத் தெரிந்த வாய்க்கு இங்கே என்ன கேடு?

காலையில் போனேன். களத்தில் மூன்று கம்பு நட்டுத் தராசு தொங்கியது. லாரி நின்றது. ஊரில் பாதிப் பேர் மூட்டையோடு காத்திருந்தார்கள். போன வாரம் பொட்டலில் கூட்டத்தோடு சேர்ந்து உதைத்த இரண்டு மூன்று முகங்களும் அங்கே இருந்தன. நான் ஊர் மளிகைக் கடைக்குப் போய் முத்திரை போட்ட ஐந்து கிலோக் கல் நாலு இரவல் வாங்கி வந்தேன். நிறுவை தொடங்கும் முன்பு அவருடைய இருபது கிலோக் கல் ஒன்றை ஒரு தட்டில் வைத்தேன். மறு தட்டில் நாலு கல்லையும் வைத்தேன். அவர் கல் இருந்த தட்டு கீழே போய் நின்றது, எழவே இல்லை.

“என்னப்பா, வெளாட்டு காட்டுறியா?” என்றார் கடைக்காரர்.

நான் கல்லைப் புரட்டி அடிப்பக்கத்தைக் காட்டினேன். முத்திரை இல்லாத ஈயம், உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. “இது கூடுதல் கல்லு. இதைக் கொடஞ்சு ஈயம் ஊத்தினது நான்தான். தை மாசத்துல ஆறு கல்லுக்கு ஊத்தினேன்” என்றேன். எல்லாருக்கும் கேட்டது.

பலூன் பலகையை உதைத்த கால்கள் இப்போது இந்தத் தராசை என்ன செய்யும் என்று பார்த்தேன். ஒரு கால் அசையவில்லை. கடைக்காரர் நிதானமாக வெற்றிலையைத் துப்பிவிட்டு, “கேட்டுக்கிட்டீகளாப்பா? ஊத்தினது இவனாம். தேஞ்ச கல்லைச் சரிபாத்துக் குடுன்னா, என் கல்லையும் கெடுத்துப்புட்டு என் முன்னாலயே வந்து நிக்கான் பாருங்க” என்றார். இவரும் அதே சொல்லைத்தான் சொன்னார். இவன்தான் செய்தான், இவனைக் கேளுங்கள். ஒரே ஒரு வித்தியாசம். பலூன்காரர் என்னைக் கை காட்டியது பொய். இவர் கை காட்டியதில் பாதி நிஜம்.

ஒருவர் என் சட்டையைப் பிடித்தார். “எத்தனை வருசமாடா ஊத்துற?” பை கிழிந்து தொங்கியது. எனக்கு அவர் கையைத் தட்டிவிடத் தோன்றவில்லை. என் பங்குக்கு வர வேண்டியதுதானே அது? ஆனால் எனக்குப் பொறுக்காதது வேறு. என் சட்டை கிழிந்துகொண்டிருந்த அதே நேரத்தில் வேறொருவர் கடைக்காரர் உட்காரக் கட்டிலைத் தூக்கிப் போட்டார். இன்னொருவர் ஓடிப்போய்ச் சோடா வாங்கி வந்தார். என் மச்சினன் காதோரம் வந்து, “ஏன் மச்சான், நாளைக்கும் இவுககிட்டதான போயி நிக்கணும்? வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கக் கூடாதா?” என்றான்.

பேசியது ஒரே ஒரு பெண். மழையை நம்பிய மானாவாரி நிலத்தில் கொஞ்சம் பருத்தி போட்டு, ஒற்றை மூட்டையோடு வந்திருந்தவர். அந்த மூட்டை மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார்.

“யாரு ஊத்துனா எனக்கென்ன? என் பருத்தியை அந்தச் சின்னக் கல்லுல நிறுங்க. நிறுக்காம நான் எந்திரிக்க மாட்டேன்.”

கடைக்காரர் முதலில் சிரித்தார். அந்த அம்மா எழுந்திருக்கவில்லை. வெயில் ஏறியது. லாரி டிரைவர் ஹாரன் அடித்தார். கடைசியில், “சரிப்பா, அதையே வச்சு நிறுத்துத் தொலைங்க” என்றார். அந்த மூட்டையை மளிகைக் கடைக் கல்லில் நிறுத்த பிறகு, அடுத்தவரும் தன் மூட்டையை அதே கல்லில் வைக்கச் சொன்னார். அப்புறம் எல்லாரும். சோடா வாங்கி வந்தவரும்தான். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பொழுது சாயும்வரை நின்று நானே கல் எடுத்து வைத்தேன்.

மறுநாள் முதலாளி பட்டறை வாசலிலேயே நிறுத்திவிட்டார். “நம்மகிட்ட வேலை குடுக்கிறவுகளைச் சந்தியில நிப்பாட்டினா, நாளைக்கு எவன்லே இந்தப் பட்டறைக்குள்ள வருவான்?” என்றார். குடையச் சொல்லித் தலையாட்டியது அவர். அதை அவருக்கு நினைவுபடுத்தினேன். கதவைச் சாத்திக்கொண்டார். நாலைந்து மாதம் பாளையம்பட்டியில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டினேன். பிறகு ஒரு மில்லில் ஃபிட்டராகச் சேர்ந்தேன். கடைக்காரருக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. புதுக் கல் வாங்கிக்கொண்டார். அடுத்த பங்குனிக்குத் திருவிழா நோட்டீஸில் அவர் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. ரெட்டியபட்டியிலிருந்து கிழிந்த சட்டையோடு வந்த அன்று, மகள் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்து என்னவென்று கேட்டாள். பொய்யாக வேலை செய்ய மாட்டேன் என்று அவளிடம் சொன்னது பொய் என்று சொன்னேன். ஆறு கல்லையும் சொன்னேன். அவள் என்னை வெறுத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் ஊசியில் நூல் கோத்தாள். அவள் அம்மா இல்லாத நேரத்தில் கிழிசலைத் தைக்க அவளுக்கு ஆசை. பிறகு நிமிர்ந்து கேட்டாள்.

“அப்ப, அந்தப் பலூன்காரரு கடையை மட்டும் ஏம்ப்பா உடைச்சாங்க?”

நானும் எவ்வளவோ யோசித்துவிட்டேன். ‘அவர் செய்தது தப்பு, அதனால்தான்’ என்று ஒரு பதில் சொல்லலாம். அது பதில் இல்லை என்று ஒன்பது வயதுப் பிள்ளைக்கே தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு நரிக்குடி, திருச்சுழி என்று எந்தத் திருவிழாவுக்குப் போனாலும் பலூன் கடையைத் தேடினேன். அந்த இருவரைப் பார்க்கவே இல்லை. இன்றைக்கும் எந்த வேலை கைக்கு வந்தாலும் முதலில் அதைப் புரட்டி அடிப்பக்கத்தைப் பார்க்கிறேன். எளியவர் ஒருவர் செய்த தப்பைக் கண்டு என் கால் துடிக்கும்போதெல்லாம், பக்கத்தில் நின்று என் தோளில் கை போடுகிறவர் யார் என்று திரும்பிப் பார்க்கவும் செய்கிறேன்.